கையால் கேட்ட இன்ஜின்

அச்சகத்தில் முப்பது வருஷம் மெஷின் ஓட்டியதில் அவருக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது. ஆனாலும் வீட்டிலிருந்த பழைய டீசல் காரில் வேறு யாரையும் கைவைக்க விடமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் டீசல் ஃபில்டரை மாற்றியதும் வண்டி கிளம்பி, ரெண்டு தடவை உதறி, நின்றுவிட்டது.

"மெக்கானிக்கைக் கூப்பிடலாமே மாமா," என்று மருமகன் சைகை காட்டினார்.

"டீசல் டியூப்ல காத்து புகுந்திருக்கு. இதுக்கு எதுக்கு மெக்கானிக்?"

மனைவி ஃபில்டர் மேலிருந்த கைப்பம்பை அழுத்த, அவர் காற்றை வெளியேற்றும் திருகைத் தளர்த்தினார். முதலில் நுரைதான் வந்தது. நுரை அடங்கி டீசல் மட்டும் வந்ததும் திருகை இறுக்கினார். மனைவி போய்ச் சாவியைத் திருப்பினாள். அவர் பானெட்டில் உள்ளங்கையைப் பதித்துக் கண்ணை மூடினார். இன்ஜின் சீராக ஓடியது.

"சத்தம் எப்படி இருக்கு?" என்று கண்ணைத் திறந்து மனைவியிடம் கேட்டார்.

"உங்க குறட்டை மாதிரியே இருக்கு."

அவள் உதட்டசைவைப் படித்துவிட்டுச் சிரித்தார். "அப்போ நல்லாத்தான் ஓடுது."