நாலு குறைந்த எண்கள்

"டேபிள்ல பதினோரு இடத்துல நம்பர் தப்பு. ப்ரொஃபசர் என் முன்னாடியே பேப்பரைத் தூக்கிப் போட்டுட்டார்" என்று விமலாக்கா போனில் சொன்னார். தப்பு அவருடைய விரலில் இல்லை, என் கையில் என்பது அப்போது எனக்கும் தெரியாது.

தொண்ணூறுகளின் கடைசி. கோபிசெட்டிபாளையத்திலிருந்து மைசூர் வந்து, ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் இன்ஜினியராக இருந்தேன். கன்னடம் வேலைக்குப் போதுமான அளவுதான் வரும். மண்டி மொஹல்லாவில் ஒற்றை அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் மெஸ்காரர் "இன்னும் சாம்பார்?" என்று கேட்பதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

விமலாக்கா ரயில்வே தமிழர் ஒருவரின் மகள், மைசூரிலேயே பிறந்தவர். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்து மாணவர்களுக்கு தீசிஸ் டைப் செய்து கொடுப்பார். சர்வீஸுக்குப் போனால், "உக்காருப்பா, காபி குடிச்சிட்டுப் போ" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே, அழுக்காகாத மவுஸ் பந்தைத் துடைக்கப் போயிருக்கிறேன்.

ஒருநாள், "பெரிய ஃபைல் திறக்க ரொம்ப நேரமாகுது" என்றார். ப்ராசசரையும் ரேமையும் இணைக்கும் பஸ் என்ற தடம் 100 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் ஓடிக்கொண்டிருந்தது. போர்டில் ஜம்பர் என்ற குட்டி இணைப்பை மாற்றி 112 ஆக்கினேன். ரேமுக்கு சி.எல். என்று ஒரு டைமிங் உண்டு. டேட்டா கேட்ட பிறகு எத்தனை கிளாக் துடிப்பு காத்திருப்பது என்ற கணக்கு அது. 100-ல் சி.எல். 2 என்றால் ரேமுக்கு இருபது நானோசெகண்ட் கிடைக்கும். 112-ல் அதே 2 என்றால் பதினெட்டுக்கும் குறைவு. கிளாக்கை ஏற்றினால் சி.எல்.லை 3 ஆக்கி, ரேமுக்கு மூச்சுவிட இடம் தர வேண்டும். ஆனால் 3 வைத்தால் ஏற்றிய பலன் பாதி போய்விடும். எனக்குப் பாராட்டு வேண்டியிருந்தது. 2-லேயே விட்டேன். விண்டோஸ் வந்தது.

"அய்யோ, பறக்குதே! என்ன பண்ணின?"

"சும்மா ஒரு செட்டிங்க்கா."

மூன்று வாரம் கழித்துத்தான் அந்தப் போன். போய்ப் பார்த்தபோது, தப்பான எண்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருந்தார். 4 இருக்க வேண்டிய இடத்தில் 0. 5-க்கு 1. 6-க்கு 2. 7-க்கு 3. எங்கு பார்த்தாலும் நாலு குறைவு. மெமரியில் நாலு மதிப்புள்ள ஒரே ஒரு பிட் 1-லிருந்து 0-க்கு விழுந்தால்தான் இப்படி ஆகும். விரல் இவ்வளவு ஒழுங்காகத் தப்பு செய்யாது.

"பதிமூணு வருஷமா டைப் பண்றேன்ப்பா. இப்படி ஆனதே இல்ல. என் கண்ணு போயிடுச்சா?" என்றார்.

ஜம்பரைப் பழையபடி மாற்றிவிட்டு, "ரேம் லூசா இருந்துச்சு" என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. போய்வர அந்த வீடும் மிஞ்சியிருக்கும். பொய் வாய்வரை வந்தது.

"அக்கா, தப்பு உங்களுது இல்லீங்க. நான் பண்ணினது" என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னேன்.

சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"வேகமா இருந்தா சந்தோஷப்படுவீங்கன்னு..."

"பட்டேனே. அதுதான் கஷ்டமா இருக்கு."

மறுநாள் விமலாக்காவோடு ப்ரொஃபசரிடம் போய், என் அரைகுறைக் கன்னடத்தில் ஒப்புக்கொண்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. விமலாக்கா பக்கம் திரும்பி, "சாரிம்மா" என்றார். கிளாக்கை 100-க்கு இறக்கினேன். அடுத்த இரண்டு நாள் கையெழுத்துப் பிரதியிலிருந்து நான் எண்களைப் படிக்க, அக்கா திரையில் சரிபார்த்தார். எண்களைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. தீசிஸ் குறித்த நாளில் போய்ச் சேர்ந்தது.

அதன்பிறகு கடைக்குப் போன் செய்தால், "வேற யாரையாவது அனுப்புங்க" என்றே கேட்பார். "கோபமா சொல்லலப்பா, சாதாரணமாத்தான் சொன்னாங்க" என்று முதலாளி கன்னடத்தில் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. மைசூரில் மேலும் இரண்டு வருஷம் இருந்தேன். தமிழ் பேசியது எஸ்.டி.டி. பூத்தில் அம்மாவிடம் மட்டும்தான்.

இன்று மெமரியை ஓவர்கிளாக் செய்து வேகம் ஏற்றும் தம்பி தங்கைகளே, பூட் ஆகிவிட்டது என்பது சான்றல்ல. வேகத்தை ஏற்றினால் டைமிங்கைத் தளர்த்துங்கள். இறுக்கித்தான் ஆக வேண்டுமென்றால் வேகத்தை இறக்குங்கள். ஒரு நாள் முழுக்க டெஸ்ட் ஓடட்டும். அடுத்தவர் மெஷின் என்றால், தொடும் முன் அவரிடம் சொல்லுங்கள். நானும் சொன்னேன்தான், மூன்று வாரம் தாமதமாக.