மாவ்பியில் பாதி அறுத்த வயல்

யாங்கோனிலிருந்து நான் வந்த பேருந்து, பர்மிய ஊரான மாவ்பிக்கு அருகே பழுதாகி நிற்கிறது. மூன்று பக்கமும் புதிய ஆலைச் சுவர்கள். ஊரில் எஞ்சியது நடுவே இருக்கும் ஒரே வயல். அதில் ஒரு தமிழ்க் குடும்பம் இன்னும் முற்றாத நெல்லை அவசரமாக அறுக்கிறது. அவர்களுக்குப் பின்னால் ஒரு புல்டோசர் செம்மண்ணைத் தள்ளி வயலை மூடிக்கொண்டே வருகிறது.

“நோட்டீஸ் எப்போது கொடுத்தார்கள்?” என்று கேட்கிறேன். அரசு நில எடுப்புப் பிரிவில் வேலை பார்த்தே தலை நரைத்தவனுக்கு வேறென்ன கேட்கத் தோன்றும்?

ஊரார் பர்மிய மரியாதையோடு ‘ஊ’ சேர்த்து ஊ முத்தையா என்றழைக்கும் பெரியவர் அரிவாளோடு நிமிர்கிறார்.

“முந்தாநாள் செவப்புக் கம்பு நட்டாங்க ஐயா. அதான் நோட்டீசு.”

“அறுவடை வரைக்கும் அவகாசம்?”

“புல்டோசர ஓட்டுறது நம்ம மருமகன்தான். அதான் இப்படி ஊர்ந்து வருது.”

எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத கால நீட்டிப்பு.

அப்போது மேற்பார்வையாளரின் ஜீப் வந்து வரப்போரம் நிற்கிறது. புல்டோசர் தயங்குகிறது. முத்தையா மனைவியையும் மகளையும் கரையேறச் சொல்கிறார். பாதி வயல் அறுபடாமல் நிற்கிறது. அவரோ மருமகனைப் பார்த்து, சீக்கிரம் வா என்று இரண்டு கைகளையும் வீசுகிறார்.

“இது போனா வெறும் நெல்லுதான். மருமகன் வேலை போனா எம் மக சோத்துக்கு எங்க போவா?” என்கிறார் என்னிடம்.

புல்டோசர் வேகமெடுக்கிறது. அவர் கையை இறக்கவில்லை.