கவுத்து வச்ச செரட்ட

ஒரு நாய்க்குட்டி கெட்டியா வெளிக்கிருந்ததப் பாத்து ரெண்டு பொம்பளைங்க கட்டிப்புடிச்சு அழுதாங்கன்னா நம்புவீங்களா? நம்பித்தான் ஆவணும். அதுல ஒருத்தி நான். இன்னொருத்தி என் மாமியா. அதுக்கு முன்னாடியும் சரி, பின்னாடியும் சரி, அந்தம்மா என்னக் கட்டிப்புடிச்சதா ஞாபகமே இல்ல. நானும் கிட்டப் போனதில்ல, பயம்.

சப்பான்காரன் காலம். மலாக்காவுல காஜா பேராங். வயசுக்கு வந்த பொண்ண வீட்டுல வச்சிருக்கக்கூடாதுன்னு அப்பல்லாம் அவசர அவசரமா கட்டிக்குடுத்தாங்க. எனக்கு அப்ப பதினெட்டு. தோட்டத்துலருந்து என்னய ஒரு மாட்டு வண்டியில ஏத்தி, மஞ்சக் கயித்தக் கட்டி, இங்க எறக்கி வுட்டுட்டாங்க. மேளம் கிடையாது, விருந்து கிடையாது. சாப்பாட்டுக்கு மரவள்ளிக் கெழங்குதான். கல்யாணப் பொண்ணு நானே ரெண்டு தட்டு தின்னேன், எனக்கென்ன வெக்கம்.

வீட்டுல மாமியா, அவரு, நான். மாமனாரு சண்டைக்கு முன்னாடியே போய்ட்டாரு. அவரும் நானும் வாயத் தொறந்து பேசிக்கவே ஒரு மாசம் ஆச்சு. பேச ஆரம்பிச்ச நேரம் பாத்து சப்பான்காரன் கூப்ட்டான். ஆம்பளைங்கள லாரியில ஏத்தி காட்ட அழிச்சுக் கெழங்கு நடச் சொல்லி எங்கயோ கொண்டு போனான். பதினஞ்சு நாள்ல வுட்டுருவோம்னு சொன்னாங்க. அப்படிச் சொல்லிட்டுப் போன சில லாரிங்க ரயிலு ரோடு போட சயாமுக்குப் போயிருச்சு. அதுல போனவங்க பலபேரு திரும்பல. அதனால அந்தப் பதினஞ்சு நாளப் பத்தி வீட்டுல யாரும் பேச மாட்டோம்.

போறதுக்கு மொத நாளு சாயங்காலம் சட்டைக்குள்ள எதையோ வச்சுக்கிட்டு வந்தாரு. நமக்குத்தான் என்னமோன்னு நான் சிரிச்சுக்கிட்டு நின்னேன். உள்ள பாத்தா நாய்க்குட்டி. கறுப்பு ஒடம்பு, ஒரு கால்ல மட்டும் சுண்ணாம்புல முக்கி எடுத்த மாதிரி வெள்ள. தாய் நாய் பட்டாளத்து லாரியில அடிபட்டுப் போச்சாம், இது சாக்கடையோரம் கத்திக்கிட்டுக் கெடந்துச்சாம். பல்லு இப்பத்தான் அரிசி மாதிரி மொளச்சிருந்துச்சு.

"நான் வர்ற வரைக்கும் இதப் பாத்துக்கறியா?"ன்னாரு.

கட்டுன புருசன் என்கிட்ட கேட்ட மொத காரியம் அது. தலய ஆட்டுனேன்.

மாமியா அடுப்படிலருந்து சத்தம் போட்டாங்க. "மனுசனுக்கே திங்க வக்கில்ல, இதுல நாயி வேறயா? நாளைக்கே கொண்டு போய் ஆத்தோரம் வுட்டுட்டு வர்றேன் பாரு இந்தச் சனியன."

மறுநா காலையில லாரி போச்சு. அவங்க குட்டியக் கொண்டு போய் வுடல. "காலு வலிக்குது, நாளைக்கு"ன்னாங்க. அதுக்கடுத்த நாளும் காலு வலிச்சுச்சு.

நாய்க்குட்டிக்கு என்ன குடுக்கறது? பால் டின்னு கடையில கண்ணுல பாத்து ரொம்ப நாளாச்சு. மாடு வச்சிருந்தவங்க மாட்டையும் சப்பான்காரன் ஓட்டிக்கிட்டுப் போய்ட்டான். ஆனா தேங்காக்குக் கொறச்சல் இல்ல. கொல்லையில நாலு மரம். சமையலுக்குத் தேங்கா, வெளக்குக்குத் தேங்கா எண்ண, சவுக்காரம் கூட வீட்டுல அதுலதான் காச்சுனோம். கறிக்கும் கீரைக்கும் தேங்காப்பால் ஊத்தித் தின்னுதான் என் கன்னமே கொஞ்சம் உப்பி இருந்துச்சு. எனக்கு ஒத்துக்குற சாமான் நாய்க்கு ஒத்துக்காதான்னு நெனச்சேன். துருவி, தண்ணி வுடாம, மொதப் பாலு கெட்டியா புழிஞ்சு செரட்டையில வச்சேன். நாக்க நீட்டி நீட்டி நக்குச்சு. அவரு வந்து பாக்கறப்ப குட்டி உருண்ட மாதிரி இருக்கணும்னு எனக்கு ஆச. மாமியாவுக்குத் தெரியாம காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ.

அஞ்சாம் நாளு வயித்தால போவ ஆரம்பிச்சுச்சு. எப்படிப் போச்சுன்னு சொல்லட்டா? சோறு திங்கறவங்க இருப்பீங்க, வேணாம். வீடு பூரா கோலம் போட்டு வச்சிருச்சுன்னு மட்டும் சொல்றேன். சாயங்காலத்துக்குள்ள உருண்டையா இருந்த வயிறு ஒட்டிப் போய், கண்ணு குழிஞ்சு, துணி மாதிரி துவண்டு கெடந்துச்சு. தோலப் புடிச்சுத் தூக்குனா தூக்குன எடத்துலயே நிக்குது.

அவரு வந்து கேட்டா என்ன சொல்றது? ஒரே ஒரு காரியம் கேட்டாரு, அதக்கூட செய்யத் துப்பில்லாதவன்னு ஆயிரும்ல?

பக்கத்து வீட்டுல ஒரு பீபி இருந்தாங்க, மலாக்கா செட்டி வீட்டம்மா. நெத்தியில துண்ணூறு, இடுப்புல சாரோங், வாயில மலாய். எங்க சாமியக் கும்புடுவாங்க, ஆனா அதுகிட்ட மலாய்லதான் வேண்டிக்குவாங்க. சாமிக்குப் புரிஞ்சிருக்கணும், ஏன்னா அவங்க வீட்டுக் கோழி ஒண்ணு கூட செத்ததில்ல. குட்டிய முந்தானையில சுத்தி வேலிப்பக்கம் ஓடுனேன்.

பீபி குட்டியப் பாக்கல. தரையில அது வச்சதப் பாத்தாங்க. ஒரு குச்சிய எடுத்துக் கிண்டி, வெயில்ல சாச்சுப் பாத்தாங்க. தங்கம் வாங்கறவங்க கூட அவ்வளவு உத்துப் பாக்க மாட்டாங்க.

"எண்ண மினுக்குது பாரு. சந்தான் குடுத்தியா?"

சந்தான்னா தேங்காப்பாலு. அதுக்குள்ள அந்த மலாய் எனக்குப் புரியும். தலயக் குனிஞ்சேன்.

"அடடா! பெரிய மனுசன் குடிச்சாலே வயித்தப் பெரட்டும். இத்தினிக்கூண்டு குட்டிக்கு மொதப் பாலா? நிறுத்து. அரிசிக் கஞ்சித் தண்ணி, கொஞ்சூண்டு உப்பு. துணியில நனச்சு சொட்டுச் சொட்டா. வேற ஒண்ணும் காட்டாத."

அரிசிக் கஞ்சியாம்! நல்லா சொன்னாங்க. பங்கீட்டுல குடுத்த அரிசி தீந்து பத்து நாளு. வீட்டுல இருந்தது ஒரே ஒரு அரிசி. பொங்கலுக்குன்னு மாமியா ஒரு பழைய வேட்டித் துணியில முடிஞ்சு, சாமி படத்துக்குப் பக்கத்துல ஆணியில தொங்கவுட்ட அரிசி. சண்டைக்கு முன்னாடி வாங்குன நல்ல அரிசி. அதக் கண்ணால பாத்தே ரெண்டு தட்டு கெழங்க உள்ள தள்ளுவோம்.

மாமியா கெணத்துக்குப் போன நேரமாப் பாத்து முடிச்ச அவுத்தேன். ஒரே ஒரு பிடி. "சாமி, நீ பொங்கலுக்குத்தான் சாப்புடுவ, இது இன்னிக்கே சாப்புடணும்"னு சொல்லிட்டு மறுபடியும் முடிஞ்சேன்.

கஞ்சி வச்சேன். துணித் திரிய நனச்சு வாயில வச்சா மொதல்ல உறியல. கன்னத்தத் தடவிக்கிட்டே இருந்தேன். அப்பறம் நாக்கு மெல்ல அசஞ்சுச்சு. ரெண்டு சொட்டு உள்ள போச்சு. எனக்கே ஒரு சட்டி கஞ்சி குடிச்ச மாதிரி இருந்துச்சு.

மறுநாளு பாத்தா அப்பவும் தண்ணியாவே போவுது. பீபி குச்சியோட வந்தாங்க. "ஏய், பொய் சொல்லாத. இன்னும் எண்ண மினுக்குது."

"ஐயோ பீபி, சத்தியமா குடுக்கல!"

"அப்பறம் குட்டி தானே மரமேறித் தேங்கா பறிச்சுதா?"

அன்னிக்கு மத்தியானம் விறகு எடுக்கக் கொல்லப்பக்கம் போறேன், வாழ மரத்துக்குப் பின்னாடி யாரோ குசுகுசுன்னு பேசுற சத்தம். எட்டிப் பாத்தா என் மாமியா. குத்த வச்சு உக்காந்து, மடியில குட்டி, கையில செரட்ட.

"குடிடா ராசா. குடிடா என் தங்கம். உங்கப்பன் வர்றதுக்குள்ள ஏந்திரிச்சிரணும். குடி."

நான் வாயப் பொத்துனேன். சிரிப்பும் வருது, கோவமும் வருது. "அத்த, இதத்தான் சனியன்னு சொன்னீங்களா?"ன்னேன்.

செரட்ட கையிலருந்து வுழுந்துருச்சு. கெட்டித் தேங்காப்பாலு மண்ணுல ஓடுது. திருடி மாட்டுனா கூட அப்படி முழிக்க மாட்டாங்க.

"நீ எங்கடி இங்க?"

"எப்பலருந்து குடுக்கறீங்க?"

"வந்த அன்னிலருந்து. மத்தியானமும், விடியக் காலையிலயும். நீதான் ஒண்ணும் குடுக்கறதில்லியே, பாக்கப் பாவமா இருந்துச்சு."

"நானும் வந்த அன்னிலருந்து குடுத்தேன் அத்த. காலையிலயும் சாயங்காலமும். இதேதான்."

ரெண்டு பேரும் குட்டியப் பாத்தோம். உள்ளங்கை அகல வயிறு. அதுல ஒரு நாளைக்கு நாலு வேள தேங்காப்பாலு. சப்பான்காரன் கூட யாரையும் அப்படிப் பண்ணல.

பீபி சொன்னத நான் சொன்னேன். அத்த மடியில இருந்ததத் தடவிக்கிட்டே இருந்தாங்க. அப்பறம் சொன்னாங்க, "அவன் குடுத்துட்டுப் போனது, புள்ள. இது பொழச்சுக் கெடந்தா அவனும் வந்துருவான்னு மனசுல வச்சுக்கிட்டேன். யாருகிட்டயும் சொல்லல."

எனக்கும் அதே நெனப்புதான். நான் மட்டும் யாருகிட்ட சொன்னேன்?

எந்திரிச்சு நேரா உள்ள போயி பொங்கலு அரிசிய எறக்குனாங்க. முடிச்சத் தொட்டவுடனே நின்னுட்டாங்க. "இது என் முடிச்சு இல்லியே."

நான் செவுத்தப் பாத்தேன்.

"ஒரு பிடிதான எடுத்த?"

"ஒரு பிடிதான் அத்த."

"கஞ்சிக்கு ஒரு பிடி எப்படிடி போதும்? தரித்திரம் புடிச்ச கையி." இன்னும் ரெண்டு பிடிய அள்ளுனாங்க. "பொங்கலுக்கு சாமிக்குக் கெழங்குதான். ஊரு இருக்கற இருப்பு அதுக்குத் தெரியாதா, பாத்துக்கிட்டுதான இருக்கு."

ஆனா திட்டம் போடாம எங்க ரெண்டு பேரையும் நம்ப முடியாதுல்ல? அதுக்கு அவங்கதான் ஒரு வழி சொன்னாங்க. வேலிக் கம்பத்து மேல அந்தச் செரட்டைய வச்சிரணும். குட்டிக்குக் கஞ்சி குடுத்தாச்சுன்னா கவுத்து வைக்கணும். அடுத்த வேள வந்தா நிமித்தணும். செரட்ட கவுந்திருந்தா யாரும் கிட்டப் போவக் கூடாது, குட்டி எவ்வளவு மொணகுனாலும் சரி. மொணகும்போது ரெண்டு பேரும் கம்பத்தப் பாப்போம். அப்பறம் ஒருத்தர ஒருத்தர் பாப்போம். "நீ போயி பாத்தரம் வெளக்கு"ன்னு என்னய வெரட்டுவாங்க. "நீங்க போயி குளிங்க அத்த"ன்னு நான் வெரட்டுவேன். அந்த மூணு நாளும் நாயக் காவல் காத்தோமா, எங்கள நாங்களே காவல் காத்தோமான்னு தெரியல.

மொத நாளு தண்ணி. ரெண்டாம் நாளு கொழகொழன்னு. அத வச்சே அத்த பிள்ளையாருக்கு ஒரு தேங்கா வேண்டிக்கிட்டாங்க. பாருங்க, எதால வந்துச்சோ அதையே!

மூணாம் நாளு காலையில பாத்தரம் வெளக்கிக்கிட்டிருக்கேன், கொல்லையிலருந்து ஒரே அலறல். "அடியே! ஓடியா! ஓடியாடி!"

கையில சாம்பலோட ஓடுனேன். போயிருச்சோன்னு நெனச்சேன். அத்த கீழ கைய நீட்டிக்கிட்டு நிக்கறாங்க. பாத்தா விரலளவுக்கு, கெட்டியா, அழகா. பக்கத்துலயே குட்டி, வால ஆட்டிக்கிட்டு, பெரிய வேல செஞ்ச மாதிரி. அப்பத்தான் நான் மொதல்ல சொன்ன கட்டிப்புடிச்ச சங்கதி நடந்துச்சு. என் கைச்சாம்பல் பூரா அவங்க முதுகுல. பீபி குச்சியத் தூக்கிக்கிட்டு வந்து, வெயில்ல சாச்சுப் பாத்து, "பாகுஸ்! நல்லாருக்கு!"னு சொல்லிட்டுக் குச்சியத் தூக்கி எறிஞ்சாங்க. அன்னிக்கே பிள்ளையாருக்குத் தேங்கா ஒடச்சோம். ஒடைக்கிறப்ப அத்த குட்டியத் தூக்கி இடுப்புல இறுக்கி வச்சுக்கிட்டாங்க, ஒரு சில்லு கூட வாயில படக்கூடாதுன்னு.

பதினஞ்சு நாளு பதினெட்டு நாளாச்சு. பத்தொம்பதாம் நாளு, சாயங்காலம், லாரி தெரு முக்குல வந்து நின்னுச்சு. அவரு எறங்குனாரு. கறுத்துப் போயி, எளச்சுப் போயி, தோள்ல ஒரு சாக்கு. அத்த வாசல்ல நின்னவங்க நின்னபடி கதவப் புடிச்சுக்கிட்டாங்க. நான் அழக்கூடாதுன்னு மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டேன்.

வந்தவரு என்னக் கேக்கல, ஆத்தாளக் கேக்கல. "குட்டி எங்க?"ன்னாரு.

குட்டி ஓடி வந்து காலச் சுத்துச்சு. தூக்கிப் பாத்து மொகம் சுருங்கிப் போச்சு. "என்ன இப்படி எளச்சுப் போயிருக்கு? திங்க ஒண்ணுமே குடுக்கலியா நீங்க?"

அத்தையும் நானும் ஒருத்தர ஒருத்தர் பாத்தோம்.

"சரி வுடு, நான் வந்துட்டேன்ல"ன்னு சாக்குல கையவுட்டாரு. நல்லா முத்துன தேங்கா ஒண்ணு. "இதுக்குன்னே ஒளிச்சுக் கொண்டாந்தேன். கெட்டியா பாலு புழிஞ்சு குடுத்தா ரெண்டே நாள்ல தேறிரும்."

"ஐயோ வேணாம்!"னு ரெண்டு பேரும் ஒண்ணாக் கத்துனோம். பீபி வீட்டுக் கோழியெல்லாம் செதறி ஓடுச்சு. அத்த தேங்காயப் புடுங்கி முந்தானைக்குள்ள வச்சாங்க. நான் வேலிப்பக்கம் ஓடிப் போயி செரட்டையக் கவுத்துட்டு வந்தேன்.