பத்துப் பேருக்கு வானம் காட்டினேன்

வானியலாளர்களுக்குக் கணினி சொல்லிக்கொடுப்பது என் வேலை. அதாவது, பல ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் விண்மீனைப் பெயர் சொல்லி அழைப்பவர்களுக்கு, திரையின் வலது மூலையில் இருக்கும் பொத்தானைக் காட்டுவது.

பினாங்கில் தொலைநோக்கி வைத்திருப்பவர்களின் கஷ்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பகலெல்லாம் வெயில் கொளுத்தும். தொலைநோக்கியை வெளியே எடுத்து வைத்ததும் மேகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் உலகத்தின் பெரிய தொலைநோக்கிகள் எடுத்த படங்களும் அளவுகளும் இணையத்தில் ஒரு பொதுக் களஞ்சியத்தில் இருக்கின்றன. பதிவு செய்துகொண்டால் யாரும் அவற்றை எடுக்கலாம், அங்கேயே இருக்கும் மென்பொருளில் வைத்து ஆராயலாம். அதைச் சொல்லித்தரத்தான் ஜார்ஜ்டவுனில் எங்கள் சின்னப் பயிற்சி மையம். கீழே மசாலாக் கடை, மாடியில் பால்வீதி.

என்னை வேலைக்கு எடுத்த டாக்டர் சாந்தா முதல் நாளே சொல்லிவிட்டார். வருடக் கடைசிக்குள் பத்துப் பேராவது களஞ்சியத்தைத் தாங்களாகவே பயன்படுத்த வேண்டும். யார் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்பது பதிவேட்டில் தெரிந்துவிடும். பத்துப் பேர் இல்லையென்றால் மையத்தை மூடிவிடுவார்கள், என் வேலையும் போய்விடும். நாலு பேருக்கு முன்னால் பேசவே கூசுகிறவள் நான். பத்து என்பது எவ்வளவு பெரிய எண் என்று, வீட்டில் யாருக்காவது கைபேசி பழக்கிவிட்ட உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வராத மின்னஞ்சல்

முதல் பயிற்சிக்குச் சரியாகப் பத்துப் பேர் வந்தார்கள். விரிவுரையாளர்கள், ஆய்வு மாணவர்கள், பாயான் பாரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே விண்மீன் பார்க்கும் பாலா அண்ணன். எல்லோரும் பதிவு செய்தார்கள். உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் ஒருவருக்கும் வரவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று, இருபது நிமிடம் ஆயிற்று. அத்தனை பேரும் திரையை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்தார்கள். வேறு வழி தோன்றாமல் என்னுடைய பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் வெண்பலகையில் எழுதினேன். "இன்னைக்கு மட்டும்" என்றேன். என் குரல் முதல் வரிசையைத் தாண்டியிருக்காது.

மின்னஞ்சல்கள் மதியம் வந்து சேர்ந்தன. அப்போது எல்லோரும் நாசி கண்டார் சாப்பிடப் போயிருந்தார்கள். அவர்கள் திரும்பியதும் பலகையைத் துடைக்கப் போனேன். விரிவுரையாளர் டாக்டர் குணா கையைக் காட்டித் தடுத்து, கைபேசியில் அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

"அழிச்சிடாதம்மா. நல்ல சுலபமான பாஸ்வேர்டு லா, புதுசா எதுக்கு இன்னொண்ணு?"

காணாமல் போன நெபுலா

அந்த டாக்டர் குணாதான் ஒரு நாள் காலையிலேயே மாடிப்படி அதிர ஏறி வந்தார். ஓரியன் நெபுலாவைத் தேடினாராம். களஞ்சியத்தில் அது இல்லையாம். பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விண்முகில் அது. திரையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. வானத்தில் ஒன்றின் இடத்தை மணி, நிமிடம் என்று குறிப்பது வானியலாளர் வழக்கம். இந்த மென்பொருள் பாகையில் கேட்கும். ஒரு மணிக்குப் பதினைந்து பாகை. அவர் மணியை அப்படியே பாகைப் பெட்டியில் போட்டு, வானத்தில் வேறெங்கோ ஒரு வெறும் மூலையை இரண்டு நாளாக உற்றுப் பார்த்திருக்கிறார். வானம் தெரியாதவர்கள் இந்தத் தவறைச் செய்யவே முடியாது.

அதோடு விட்டாரா? களஞ்சியத்துக்குக் கோபமாக ஒரு புகாரும் அனுப்பியிருந்தார். உள்ளே நுழைந்தது என் கணக்கில் என்பதால் புகார் என் பெயரில் போயிருந்தது. பதிலும் எனக்கே வந்தது. மணியைப் பாகையாக மாற்றும் முறையை எனக்கு அன்போடு விளக்கிவிட்டு, அருகில் ஏதாவது பயிற்சி மையம் இருந்தால் சேர்ந்துகொள்ளும்படி ஆலோசனை சொல்லியிருந்தார்கள். அதை அவரிடம் காட்டினேன்.

"முப்பது வருஷமா நான் மணியிலதான் வானத்தைப் பாக்குறேன். மாத்தணும்னா அவங்க மாத்திக்கட்டும்!"

மாற்றிய கடவுச்சொல்

அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது. எல்லோரும் இன்னும் என் பெயரில்தான் உள்ளே போய்க்கொண்டிருக்கிறார்கள். வாட்ஸாப் குழுவில் எழுதினேன்: தயவுசெய்து அவரவர் கணக்கைப் பயன்படுத்துங்கள். பத்துக் கட்டைவிரல்கள் வந்தன. வேறொன்றும் நடக்கவில்லை. இரண்டு வாரம் பொறுத்து, ஒரு திங்கட்கிழமை, எனக்கு வராத துணிச்சலை வரவழைத்துக்கொண்டு கடவுச்சொல்லை மாற்றினேன்.

மதியத்துக்குள் எட்டு அழைப்புகள். முதல் ஏழு அழைப்புகளை எடுக்கவில்லை. எட்டாவதாக அழைத்தது ஆய்வு மாணவி கவிதா. சுங்கை பினாங் அடுக்குமாடியில் ஒரே அறையில் தங்கைகளோடு உட்கார்ந்து ஆய்வேடு எழுதுகிறவள். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும், அவள் சேமித்த வேலை முழுவதும் என் கணக்குக்குள் இருக்கிறது. பேச முடியாமல் அழுதாள். "உனக்கு மட்டும்தான், கவிதா" என்று புதிய கடவுச்சொல்லைச் சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்து அவளே திரும்ப அழைத்தாள். குரல் தெளிந்திருந்தது.

"குரூப்ல போட்டுட்டேன்க்கா. எல்லாரும் பாவம்ல?"

பாலா அண்ணனின் விண்மீன்

எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை பாலா அண்ணன். வேலை முடிந்து, தொழிற்சாலைச் சட்டையைக்கூட மாற்றாமல் நேராக மாடியேறி வருவார். குறிப்பேட்டில் ஒவ்வொரு படியையும் எழுதிக்கொள்வார். ஒரு கேள்வியை இரண்டு தடவை கேட்டதில்லை. அவருக்கென்று ஒரு விண்மீன் இருந்தது. மங்கும், பிறகு பிரகாசமாகும். எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்று, தன் அடுக்குமாடி நடைபாதையிலிருந்து மேக இடைவெளிகளில் பார்த்தே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

ஒரு நாள் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். வெவ்வேறு நாட்டுத் தொலைநோக்கிகள் பல வருடமாக எடுத்த அளவுகளைத் தானே தேடிச் சேர்த்து, வரைபடமாக்கியிருந்தார். ஏறி இறங்கும் அழகான வளைவு. மேகத்தின் நடுவே அவர் போட்ட கணக்கு ஏறக்குறைய சரி. இந்த ஒரு வளைவு போதும், மையத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் திரையின் மூலையில் என் பெயர் கண்ணில் பட்டது. "அண்ணே, இதையாவது உங்க பேர்ல செஞ்சிருக்கலாமே?" என்றேன். அவர் நிஜமாகவே திகைத்துப்போனார்.

"அது எப்படி மிஸ்? நீங்க சொல்லிக் கொடுத்தது. உங்க பேரை எடுத்துட்டு என் பேரைப் போட்டா மரியாதையா இருக்குமா?"

பதிவேடு

வருடக் கடைசியில் டாக்டர் சாந்தா என்னைக் கூப்பிட்டுத் திரையைத் திருப்பினார். எங்கள் மையத்தின் பெயரில் இரண்டு பயனர்கள். முதல் ஆள் நான். எடுத்த கோப்புகளின் பட்டியல் உருட்ட உருட்ட முடியவில்லை. இரண்டாவது பாலா அண்ணன். நான் எடுத்துச் சொன்ன பிறகு, முந்தின நாள் சாயங்காலம்தான் தன் பெயரில் நுழைந்து ஒரே ஒரு கோப்பு எடுத்திருக்கிறார். அது நான் எழுதிய பயிற்சிக் கையேடு.

மூன்றாவது பெயரைத் தேடி அவர் உருட்டிக்கொண்டே இருந்தார். நான் வெண்பலகையில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வருடத்தில் நான் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது அப்போதுதான். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"நான் நம்புறேன்மா. ஆனா மேல இருக்கிறவங்க இதைத்தானே பாப்பாங்க? இதுல உள்ளபடி, நீ ஒரு வருஷம் பாடுபட்டு ஒரே ஆளைத்தான் நல்லாத் தயார் பண்ணியிருக்கே, அது நீதான்."

மையத்தை மூடியாகிவிட்டது, கடவுச்சொல்லை நான் மறுபடி மாற்றவில்லை. என் பெயரில் பத்துப் பேர் வானத்தைப் பார்க்கிறார்கள், நான் ஜன்னல் வழியே மேகத்தைப் பார்க்கிறேன்.