மண்டையில் ஏறாதவள்

எனக்கு ஆறு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. ஒன்பது வயதுக்குள் அது போயும் விட்டது. அந்த வருடங்களில் எனக்கு நினைவிருப்பது கொஞ்சம்தான். மொட்டைத் தலையில் அம்மா கட்டிவிட்ட பூப்போட்ட துணி. வாயெல்லாம் புண்ணாகி இளநீர்கூட எரிந்தது. பிறகு, முழங்காலை வயிற்றோடு ஒட்டிவைத்துச் சுருண்டு படுக்கச் சொல்லி முதுகுத்தண்டில் போட்ட ஊசிகள்.

எங்கள் வீடு மதுக்கரையில். வீட்டை ஒட்டியே அப்பாவின் இரும்பு கடையும் லேத்துப் பட்டறை. நோய் தீர்ந்த பிறகு அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. பேசினால் திரும்பி வந்துவிடும் என்று அம்மாவுக்குப் பயம். வெளியே தெரிந்தால் நாளைக்கு மாப்பிள்ளை அமைவது கஷ்டம் என்று அப்பாவுக்கு. ஆஸ்பத்திரியில் வருடா வருடம் வரச் சொன்னார்கள். சில வருடம் போனோம், அப்புறம் நின்றுவிட்டது.

பள்ளிக்கூடத்தில் நான் மந்தம். கரும்பலகையில் எழுதியதில் பாதியை நான் எழுதி முடிப்பதற்குள் டீச்சர் அழித்துவிடுவார். வாய்ப்பாடு காலையில் வரும், மத்தியானம் போய்விடும். அம்மா கடைக்கு அனுப்பும்போது மூன்று சாமான் சொன்னால் ஒன்று கட்டாயம் விட்டுப்போகும். சாயங்காலம் ஆனால் கண்ணைத் திறந்து வைத்திருக்கவே முடியாத அசதி.

அப்பா கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர் அவர்தான். ஆனால் அவ்வளவு பாடுபட்டு மீட்ட பிள்ளை படித்துக் காட்டும் என்று நம்பினார். நான் படிக்கவில்லை. "இவளுக்கு மண்டைல ஏறாதுங்க. சோம்பேறிக் கழுதை" என்று வருகிறவர்களிடமெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வார். நானும் கூடச் சிரிப்பேன். அது உண்மை என்றுதான் நானும் நினைத்தேன்.

பி.காம். இரண்டாம் வருடத்தோடு நின்றுவிட்டேன். அடுத்து ஒரு மருந்துக்கடை, அதற்கடுத்து ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலை. வரிசையில் நிற்பவர்கள் உச்சுக் கொட்ட ஆரம்பித்தால் என் கை நின்றுவிடும். இரண்டு இடத்திலும் மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். இரண்டாவது வேலையும் போனபோது எனக்கு வயது இருபத்து நான்கு.

அந்த வாரத்தில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவுக்கு ஃபோன் வந்தது. சின்ன வயதில் அங்கே சிகிச்சை எடுத்துக் குணமானவர்களைத் திரும்பக் கூப்பிட்டுப் பரிசோதிக்கிறார்களாம். அம்மா ஃபோனை வைத்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நல்லா இருக்கறவள எதுக்குங்க மறுக்கா அங்க கூட்டிட்டுப் போகோணும்?" என்று அப்பாவிடம் கேட்டாள். மறுநாள் அப்பா பட்டறையைத் திறக்காமல் எங்கள் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் அந்த மருந்து வாசனை வந்ததும் எனக்கு வாய் கசந்தது. இத்தனை வருடம் கழித்து, மூளைக்கு மறந்தது நாக்குக்கு மறக்கவில்லை. அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தவள் டாக்டர் அறைக்குள் போகும்வரை விடவே இல்லை. ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சில் பசை தடவி இதயத்தை ஸ்கேன் செய்தார்கள். பிறகு டாக்டர் கூப்பிட்டார். நாற்பது வயதுக்குள் இருக்கும் பெண். திரையைப் பார்த்துக்கொண்டே முதலில் அம்மாவின் பயத்துக்குத்தான் பதில் சொன்னார்.

"நோய் திரும்பி வரலைங்கம்மா. ரத்தம் நல்லா இருக்கு. இதயமும் நல்லா வேலை செய்யுது. சில மருந்துக பின்னால இதயத்தைப் பாதிக்கலாம், அதனால அப்பப்ப பாத்துக்கணும். அவ்வளவுதான்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா எழுந்தே விட்டார், கிளம்பிவிடலாம் என்பதுபோல. டாக்டர் அவரை உட்காரச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"படிப்பெல்லாம் எப்படிப் போச்சு?"

நான் வாய் திறப்பதற்குள் அப்பா சிரித்தார். "அது எங்கீங்க டாக்டர்? மண்டைல ஏறாது. சொன்னா மறந்துபோடுவா. சோம்பேறிங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. "உங்களைத்தான் கேட்டேன்" என்றார் என்னிடம்.

அப்போது சொன்னேன். கரும்பலகை, வாய்ப்பாடு, கடைச் சாமான், வரிசையில் நிற்கும் ஆட்கள், சாயங்கால அசதி. அத்தனையையும் ஒருவரிடம் ஒரே மூச்சில் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் பாதியிலேயே தலையாட்ட ஆரம்பித்துவிட்டார், ஏற்கெனவே கேட்ட கதையைக் கேட்பவர்போல.

பக்கத்து அறையில் இருந்த உளவியல் நிபுணரிடம் அனுப்பினார்கள். எண்களைச் சொல்லித் தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார். புள்ளிகளை வரிசையாகக் கோட்டால் இணைக்கச் சொன்னார். ஒரு கதையைப் படித்துக் காட்டிவிட்டு வேறு வேலை கொடுத்து, அப்புறம் அந்தக் கதையைக் கேட்டார். எனக்குப் பரீட்சை அறையில் உட்கார்ந்ததுபோல இருந்தது. "இதுல பாஸ், ஃபெயில் எல்லாம் இல்லைங்க" என்று அவர் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

மத்தியானம் மூவரையும் உட்காரவைத்து டாக்டர் விளக்கினார். அந்த நோய் மூளைப் பக்கம் ஒளிந்துகொள்ளும். அதைத் தடுக்கத்தான் முதுகுத்தண்டில் ஊசி. அப்படி மருந்து வாங்கிய குழந்தைகளில் சிலருக்குப் பின்னால் வேகம் குறையும், ஒரே சமயத்தில் பல விஷயங்களை மனதில் நிறுத்த முடியாது, கணக்கு வராது, சீக்கிரம் சோர்ந்துபோவார்கள். "இவங்களுக்குப் புரியாமப் போகலை. புரிய நேரம் ஆகுது. ரெண்டும் வேற வேற. இது சோம்பேறித்தனம் இல்லைங்க."

அம்மாவுக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. "நாங்கதானுங்க டாக்டர் ஊசி போடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டோம்."

"அந்த ஊசி இல்லைன்னா இன்னைக்கு இவங்க இங்க உக்காந்திருக்க மாட்டாங்கம்மா" என்றார் டாக்டர்.

நான் அழுதேன். வருத்தத்தில் என்றுதான் அம்மா நினைத்தாள். அது வருத்தமில்லை. வருடக்கணக்காக என் மேல் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போனதுபோல உடம்பு லேசாகிவிட்டது. கொஞ்சம் கோபமும் வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்தில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் பரீட்சையில் கூடுதலாக அரை மணி நேரம் கேட்டிருக்கலாம். அந்தக் கோபம் இப்போதும் எப்போதாவது வரும், போகும்.

திரும்பும் வழியில் அப்பா ஒரு பேக்கரி முன்னால் வேனை நிறுத்தினார். மூன்று டீயும் தேங்காய் பன்னும் வாங்கிவந்தார். பன்னைப் பிட்டு என் கையில் கொடுத்தார். சின்னக் குழந்தைக்குக் கொடுப்பதுபோல அவர் அப்படிக் கொடுத்து வெகு காலமாகியிருந்தது. தன் டீயை அவர் குடிக்கவே இல்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கண்ணு" என்றார்.

"எனக்கே தெரியாதுங்கப்பா."

"ஆமா. உனக்கெப்படித் தெரியும்" என்றார். ஆறிப்போன டீயை ரோட்டோரம் ஊற்றினார். "ஊர் முழுக்கச் சொல்லிவெச்சுட்டனே" என்றார் மெதுவாக.

மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது.

ஆனால் அடுத்த மாதம் சோமனூரில் அம்மாவின் தம்பி வீட்டுக்குக் காதுகுத்துக்குப் போயிருந்தோம். பந்தி முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது மாமா என்னைப் பார்த்து, "என்ன அம்மணி, இந்தக் கடையிலயும் தூங்கிட்டயா? உங்கப்பன் சொல்றது செரிதான்" என்று சிரித்தார். வழக்கமான கேலிதான். நான் வழக்கம்போலச் சிரிக்கத் தயாரானேன்.

"மாப்ள, இனிமே அப்படிச் சொல்லாதீங்க" என்றார் அப்பா. சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பேச்சு நின்றுவிட்டது. "என்ற புள்ள சோம்பேறி இல்ல. சின்னதுல கேன்சருக்குப் போட்ட மருந்து, அது அவளுக்கு மறதியக் குடுத்துப்போடுச்சு. எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது. தப்பாச் சொன்னது நாந்தான்."

இத்தனை வருடமாக வீட்டுக்குள்ளேயே சொல்லாத வார்த்தையை அப்பா சொந்தபந்தம் அத்தனை பேர் நடுவில் சொல்லிவிட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. மாமா தடுமாறி, "அது தெரியாதுங்க மச்சான்... சும்மா வெளையாட்டுக்கு" என்றார். பிறகு எழுந்துபோய், ஐஸ்கிரீம் கப் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. வானம் இடிந்து விழவில்லை. வரும் வழியெல்லாம் அம்மா வேனில் தூங்கினாள், தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு, வாய் திறந்தபடி. அவள் அப்படி அயர்ந்து தூங்கி நான் பார்த்ததே இல்லை.

இப்போது துடியலூர் தாண்டி மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு நர்சரியில் வேலை பார்க்கிறேன். குழந்தைகள் நர்சரி இல்லை, செடிகள். இரண்டு பஸ் மாறிப் போகிறேன். சேர்ந்த அன்றே நடத்துகிற அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். பஸ்ஸிலேயே மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தேன். அங்கே போனதும் எல்லாம் கலைந்துவிட்டது.

"அக்கா, எனக்கு ஒரு நேரத்துல ஒரு வேலை சொல்லுங்க. ரெண்டு சொன்னா ஒண்ணு மறந்துருமுங்க. சின்ன வயசுல உடம்பு முடியாமப் போய் மருந்து சாப்பிட்டதால அப்படி. வேலைக்குச் சளைக்க மாட்டேன். மத்தியானம் சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் மட்டும் உக்காந்துக்கோணும்."

அக்கா மண் கலந்துகொண்டிருந்தார். கையை உதறிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். என்ன நோய் என்று கேட்பார் என்று காத்திருந்தேன்.

"அதுக்கென்ன கண்ணு, செடிக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார். "மொதல்ல அந்தச் செம்பருத்திக்குத் தண்ணி ஊத்து. முடிச்சுட்டு வா, அடுத்தது சொல்றேன்."

குழாயைத் திறந்தேன். வெயில் ஏறியிருந்ததால் முதலில் சூடாக வந்தது, பிறகு குளிர்ந்தது.