ஐஸில் பழகிய விரல்கள்

அந்தப் படங்கள் நான் எடுத்தவை அல்ல.

ஆம்... மாமல்லபுரத்து அரங்கில் என் பெயர்ப் பலகைக்குக் கீழே நின்று நீங்கள் வியந்து பார்த்தீர்களே, அந்த ஐரோப்பியப் படங்களில் ஒன்றுகூட என்னுடையது இல்லை! எல்லாவற்றையும் எடுத்தவள் ஸ்டெல்லா. கோவளத்து மீனவர் வீட்டுப் பெண். கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள்.

செங்கல்பட்டு ஆலயத்துப் பாடகர் குழுவில் இருவரும் இருந்தோம். கிறிஸ்துமஸ் பாடல்கள் பாட எங்களை ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் அழைத்திருந்தார்கள். கேமரா என் மாமாவுடையது. போய் இறங்கிய அன்றே என் விரல்கள் மரத்துப் போயின. கையுறையைக் கழற்ற மாட்டேன் என்று அழாத குறையாக நின்றேன். ஸ்டெல்லா கேமராவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"குடுடி. மீன்பொட்டி ஐஸ்ல கை வச்சே வளந்தவ நானு. எனக்கின்னா குளிரு?"

ஊர் திரும்பும்வரை அது அவள் கழுத்தில்தான் தொங்கியது.

என்ன கண் அவளுக்கு! துறைமுகத்தில் நாங்களெல்லாம் கப்பலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவளோ மீன் அரியும் ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் எதிரே போய்க் குந்திக்கொண்டாள். கிழவி நிமிரக்கூட இல்லை. தன்னைப்போல ஒருத்தி என்று நினைத்திருப்பாள். அந்த முழங்கையில் ஒட்டிய செதில்களை இன்றும் எண்ணிவிடலாம்! வெனிஸில் ஊரே படகைப் படம் பிடிக்க, இவள் படகைக் கட்டியிருந்த கயிற்றின் முடிச்சைப் பிடித்தாள். அலையில் முடிச்சு இறுகும் அந்த நொடிக்காக அவள் காத்திருந்தாள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. இத்தனை வருடங்களில் அந்தப் படம் எனக்கு அலுத்ததே இல்லை.

திரும்பியதும் அவளுக்குக் கல்யாணமாகிவிட்டது. பிலிம் சுருள்களைக் கழுவக் கொடுத்தவள் நான். ஸ்டுடியோக்காரர் முதலில் அச்சிட்ட துறைமுகப் படங்களை மேசையில் பரப்பிவிட்டு, யாரம்மா எடுத்தது என்று கேட்டார். அவர் குரலில் அப்படியொரு மரியாதை!

நான்தான் என்றேன்.

ஏன் சொன்னேன்? கேமரா எங்களுடையது என்பதாலா? இல்லை... பொறாமை. அந்த மரியாதை எனக்கு வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

ஆனால் ஒரு சிக்கல். சுருளில் பாதிக்குமேல் நான் இருந்தேன்! அவள் என்னை அத்தனை முறை எடுத்திருந்தாள். எடுத்தவள் எப்படிப் படத்துக்குள் இருப்பாள்? கத்தரிக்கோலை எடுத்தேன். நெகடிவில் என் முகம் இருந்த துண்டுகளையெல்லாம் வெட்டி ஒரு உறையில் போட்டேன். திருடுவதற்காக என்னையே அந்தப் பயணத்திலிருந்து கத்தரித்தவள் நான்!

மிச்சத்தைக் காட்டித்தான் வேலை கிடைத்தது. பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் புகைப்படம் கற்பிக்கிறேன். ஒரு படத்திலும் நீங்கள் இல்லையே என்று பிள்ளைகள் கேட்பார்கள். எடுத்தவள் எப்படியம்மா இருப்பாள் என்பேன். சிரிப்பார்கள்.

அவர்கள்தான் இந்தக் கண்காட்சியை வைத்தார்கள். சென்ற ஞாயிறு ஸ்டெல்லா வந்தாள்.

ஒவ்வொரு படத்தின் முன்னும் நெடுநேரம் நின்றாள். அச்சிட்ட படங்களை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நான் காட்டியதே இல்லையே! பிறகு பலகையைப் படித்தாள். அவள் வந்து என் கையைப் பிடித்தாள்.

"எல்லாத்தயும் பத்தரமா வச்சிகீறியேடி" என்றாள். கண் கலங்கியிருந்தது. "பனியில வழுக்கி வுழுந்து சிரிச்சிகினு இருந்தியே, அது எங்க? நான் எடுத்ததுல அதான்டி எனக்கு ரொம்பப் புடிச்சது."

இப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? வாய் திறந்தேன்.

"அந்த பிலிம்ல வெளிச்சம் பட்டு வீணாப் போச்சுடி."

அவள் முகம் வாடியது. பெயரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஒரு படம் போனதற்குத்தான் வருத்தப்பட்டுக்கொண்டே கோவளம் பஸ் ஏறினாள்.

அந்த நெகடிவ் துண்டு இதோ என் கையில் இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். பனி கறுப்பாய்க் கிடக்கிறது. நடுவே நான் விழுந்து கிடந்து சிரிக்கிறேன், எடுப்பவளைப் பார்த்து. யாரும் என்னை இவ்வளவு அழகாக எடுத்ததில்லை.

கண்காட்சி இன்னும் நடக்கிறது. பலகை அப்படியே இருக்கிறது. இன்று காலையும் அரங்கின் கதவைத் திறந்துவிட்டவள் நான்தான்...