பாலைவனத்துக்கு எடுத்துப் போன அட்டைச் சவுக்காரம்

போன செவ்வாய்க்கிழமை காலை, துபாயில் இருக்கிற என் மகள் சாந்தி போனில் ஒரு பட்டியல் அனுப்பினாள். அவளும் மருமகனும் நண்பர்கள் நாலு பேருமாக ஆறு பேர், மணல்மேட்டில் ஓட்டுகிற மோட்டார் சைக்கிள்களில் பாலைவனத்துக்குள் போய், கூடாரம் அடித்து இரண்டு நாள் தங்கப் போகிறார்களாம். பட்டியலில் அறுபத்து மூன்று சாமான். பின்னாலேயே அவள் குரலும் வந்தது: "அப்பா, நீங்க ஒரு தடவ பாத்தா போதும். வேற யாரும் பாக்கத் தேவல்ல. நீங்க ஒண்ணையும் விட மாட்டீங்க."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இங்கே இலங்கையில், எங்கள் தெஹியோவிட்டவில் வழக்கமான மழை. கூரை ஒழுகுகிற இடம் இரண்டு, அடியில் வைத்த பேசின் இரண்டு, கணக்குச் சரி. பட்டியலின் முதல் வரி தண்ணீர். ஆளுக்கு இத்தனை லீட்டர் என்று எழுதி, கீழே கோடும் போட்டிருந்தாள். அந்த வரியைத் தாண்டி என் கண் நகரவில்லை.

நானும் ஒரு காலத்தில் இப்படிப் பட்டியல் போட்டவன். என்னுடையதில் நாற்பத்தொரு சாமான். தண்ணீர் அதில் இல்லை. வீட்டில் இந்தக் கதையை நான் வேறு மாதிரித்தான் சொல்லி வந்திருக்கிறேன். சாந்திக்குச் சோறு ஊட்டுகிற காலத்திலிருந்தே 'கேன் ஒழுகிப் போன கதை' என்றுதான் அதற்குப் பெயர்.

உங்களிடம் மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். ரப்பர் தோட்டத்து ஆபீஸில் நாலு வருஷம் கிளாக்கராக இருந்துவிட்டு, ரோடு போடுகிற ஒரு கம்பெனிக்கு ஸ்டோர்கீப்பராக ஓமானுக்குப் போனேன். என் ஸ்டோர், கிரீஸ் வாசமும் புதுக் கயிற்று வாசமும் அடிக்கிற தகரக் கொட்டகை. இன்றைக்கும் ஹார்ட்வெயார் கடைப் பக்கம் போனால் அந்த வாசத்துக்காகவே ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வருவேன். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்பார். நான் எதையாவது எண்ணிக்கொண்டிருப்பேன்.

கம்பெனி ஆட்கள் தங்கிய முகாமில் நம்ம பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் ஓப்பநாயக்கவிலிருந்து வந்த மெக்கானிக் செல்வராசு. இன்னொருவன் எங்கள் தோட்டத்தின் மேல் டிவிஷன் அந்தோனி, லொறி டிரைவர். சாப்பாட்டுக் கூடத்துக் கூரையில் தொண்ணூற்றாறு தகரம் என்று முதல் நாளே நான் சொன்னதால், அந்தோனி எனக்குக் 'கணக்கப்புள்ள' என்று பெயர் வைத்துவிட்டான்.

ரோட்டுக்கு நிலம் அளக்கிறவர்களிடம் மூன்று மோட்டார் சைக்கிள்கள் இருந்தன. ஒரு வியாழன் மத்தியானத்திலிருந்து வெள்ளி வரை எடுத்துக்கொள்ளலாம் என்று போர்மன் சம்மதிக்க, எட்டு வாரம் திட்டம் போட்டோம். வண்டி செல்வராசு பொறுப்பு, பாதை அந்தோனி பொறுப்பு. ரோட்டை விட்டு இருபத்தெட்டு மைல் உள்ளே சிவப்பு மணல்மேடு இருக்கிறது என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். பட்டியல் என் பொறுப்பு.

பட்டியலை நான் ஆகாயத்திலிருந்து எழுதவில்லை. இரத்தினபுரிப் பக்கத்தால் சிவனொளிபாத மலைக்கு ஏழு பருவம் ஏறியவன் நான். அந்த ஏழு தடவையும் ஒரு குறையும் வைக்காத பட்டியலைத்தான் அப்படியே படியெடுத்தேன். மழைக்குப் பொலித்தீன் இரண்டு, கம்பளித் தொப்பி மூன்று, உப்புப் பொட்டலம் ஒன்று, அட்டைக் கடிக்குக் கார்போலிக் சவுக்காரம் இரண்டு கட்டி.

"மணல்ல அட்டை இருக்குமாப்பா?" என்று செல்வராசு சந்தேகப்பட்டான்.

"இல்லன்னு யாராச்சும் எழுதிக் குடுத்தாங்களா?" என்றேன்.

பட்டியலிலிருந்து கற்பூரத்தை மட்டும் வெட்டப் போனேன். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன் அந்தோனிதான் கையைப் பிடித்துத் தடுத்தான். அது எந்தச் சாமியுடைய ஊர் என்று தெரியாமல் எதையும் விட்டுவிட்டுப் போகக் கூடாதாம்.

போனோம். டயரில் காற்றைக் குறைத்தால் மணலில் புதையாது என்று செல்வராசு சொன்னது உண்மைதான். ஆனாலும் நான் பதினொரு தடவை விழுந்தேன். அந்தோனி கணக்கில் ஒன்பதுதான். மற்ற இரண்டும் நான் சாய்ந்தது மட்டுமாம். மூன்றரை மணிக்கு சிவப்பு மேட்டடியில் கூடாரம் அடித்தோம். அடித்து முடித்ததும் யாரும் சொல்லாமலே ஆளுக்கொரு பக்கம் மம்பட்டி போட்டு, கூடாரத்தைச் சுற்றி மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டினோம். மழைநாட்டுப் பிறவிகள் இல்லையா. செல்வராசு மண்டியிட்டு ஒற்றைக் கண்ணை மூடி வாட்டம் பார்த்தான். தோட்டத்துக் கங்காணி பார்த்தாலும் ஒரு குறை சொல்ல முடியாத கான்.

பிறகு தேத்தண்ணி போடலாம் என்று அடுப்பைப் பற்றவைத்தேன். தேயிலை, சீனி, டின்பால், கேத்தல், கோப்பை மூன்று, எல்லாம் இருந்தன. அந்தோனி கேட்டான்: "தண்ணி எந்த பைக்லப்பா?"

பட்டியலை மேலிருந்து கீழே படித்தேன். கீழிருந்து மேலேயும் படித்தேன்.

எங்கள் ஊரில் யார் தண்ணீர் சுமந்தார்கள், சொல்லுங்கள். மலைக்கு ஏறினாலும் டவுனுக்கு இறங்கினாலும் ஒவ்வொரு வளைவிலும் மூங்கிலைப் பிளந்து வைத்த ஒரு பீலி ஊற்றிக்கொண்டே இருக்கும். கையை ஏந்தினால் போதும். முகாமிலும் தண்ணீர் என் ஸ்டோருக்கு வராது, பவுசர் லொறியில் வந்து தொட்டியில் இறங்கும். என் பேரேட்டில் இல்லாத சாமான் என் புத்தியிலும் இல்லை.

வெளிச்சம் இறங்குகிற நேரத்தில் அந்த மேடுகளைத் திரும்பத் தாண்டினால் கழுத்து முறியும் என்று அந்தோனி சொன்னான். தங்கினோம். டின் அன்னாசி மூன்று இருந்தது. ஆளுக்கொரு டின் பாகைக் குடித்தோம். அது தாகத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. தண்ணீர் இல்லாமல் ஒரு மனுஷன் எத்தனை மணி நேரம் தாங்குவான் என்று எண்ணத் தொடங்கினேன், பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன். என் வாழ்நாளில் பாதியில் விட்ட கணக்கு அது ஒன்றுதான்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் பதினேழு ஆட்டோடு ஒரு கிழவர் வந்தார். எங்கள் உதட்டைப் பார்த்ததுமே தோல் பையை அவிழ்த்தார். ஆட்டு வாசமடிக்கிற தண்ணீர், ஆளுக்கு மூன்று கோப்பை. இன்றைக்கும் பஸ்ஸில் யாராவது ஆட்டுக்குட்டியோடு ஏறினால் மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள், எனக்கு மட்டும் தொண்டை குளிரும். குடித்து முடித்தபின்தான் அவர் எங்கள் கானைப் பார்த்தார். என்ன இது என்று கையால் கேட்டார். செல்வராசு தனக்குத் தெரிந்த அரபியில் மழை என்றான். கிழவர் வானத்தைப் பார்த்தார், கானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு நிற்க முடியாமல் மணலில் உட்கார்ந்து சிரித்தார்.

முகாமுக்குத் திரும்பியதும் உதடு ஏன் இப்படி வெடித்திருக்கிறது என்று எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தோனி முந்திக்கொண்டான்: "கேன் ஒழுகிருச்சு. பழைய கேன்."

ஒரு பகிடியையும் வீணாக்காத செல்வராசுகூட, "சரி, நாந்தான் பாத்துக் கட்டியிருக்கணும்" என்றான்.

அதற்குப் பிறகு அவர்கள் என்னை விடவில்லை. பதினொரு விழுகை, அட்டைச் சவுக்காரம், கான் என்று ஊருக்கு வந்த பிறகும், என் கல்யாணப் பந்தியிலும்கூடக் கிண்டல். தண்ணீரைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. நாங்கள் மூன்று பேர் மட்டும் இருக்கும்போதும் இல்லை. அந்தோனி போய் மூன்று வருஷம், செல்வராசு போய் இரண்டு. உண்மை தெரிந்த ஆள் இப்போது நான் ஒருவன்தான்.

ஆகவே பட்டியலைப் பார்த்து 'சரி' என்று ஒரு சொல் அனுப்பிவிட்டு நான் பெரிய மனுஷனாகவே இருந்திருக்கலாம். ஆனால் வேறு யாரும் பார்க்கத் தேவையில்லை என்றல்லவா பிள்ளை சொல்லியிருக்கிறாள். பதினொன்றரைக்குப் போன் எடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ அந்தக் கேன்?" என்றாள்.

"கேனே இல்லம்மா."

அவள் சிரித்த சிரிப்பில் அந்தப் பக்கம் மருமகனும் ஓடி வந்துவிட்டார். சிரித்து முடித்து, ஆறு பேரும் தனித்தனியாக ஒரு தடவை எண்ணிக்கொள்கிறோம், நீங்களும் எண்ணுங்கள் என்றாள். நல்லது. அதைத்தான் நானும் விரும்பினேன். ஆனாலும் பாருங்கள், இத்தனை வருஷத்தில் நான் எண்ணியதை யாரும் மறுபடி எண்ணியதில்லை. அந்தப் பெருமை ஒரே போன் பேச்சில் போய்விட்டது. அந்தோனி, செல்வராசு இருவரில் ஒருவன் பக்கத்தில் இருந்திருந்தால் போனைப் பிடுங்கி, "அப்பா வயசுல உளறுறாரும்மா, கேன் ஒழுகுனத நாங்க கண்ணால பாத்தோம்" என்று சத்தியமே பண்ணியிருப்பான்.